இரண்டு பட்டியலிலும் இருப்பவர் யார்?



கற்பிட்டியில் இருந்தும் கண்டக்குளியில் இருந்தும் வந்திருக்கிறீர்கள். ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தெற்கே உடப்பு வரையிலிருந்தும் பிள்ளைகள் வந்திருப்பதைப் பார்க்கிறேன். இத்தனை பேர் ஒரு சனிக்கிழமை காலையில் கணிதம் கேட்க வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொடைகள். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே தொடைகள்தான். பரீட்சை நெருங்கும்போது இரண்டு வட்டம் கீறி, நடுவில் ஓர் எண்ணைப் போட்டு, இரண்டு பக்கமும் கழித்து எழுதுகிறோமே, அந்தப் பாடம். அதை அப்படியே செய்து புள்ளியும் வாங்கிவிடலாம். ஆனால் வட்டம் கீறத் தெரிவதும் தொடை தெரிவதும் ஒன்றல்ல. உள்ளே யார்? வெளியே யார்? இரண்டிலும் யார்? இந்த மூன்று கேள்விகளையும் ஐயத்துக்கு இடமில்லாமல் கேட்கத் தெரிய வேண்டும். கேட்டபின் கிடைக்கும் பதிலுக்குப் பொறுப்பேற்கவும் தெரிய வேண்டும். அப்போதுதான் தொடை தெரியும் என்று சொல்லலாம். அந்த மூன்று கேள்விகளை உங்களோடு சேர்ந்து கேட்டுப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். உள்ளே யார்?

"புத்தளம் களப்பில் பிடிபடும் பெரிய மீன்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். இது ஒரு தொடையா? இல்லை. ஏன் இல்லை? பெரிய மீன் எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தூண்டில் போடும் சிறுவனுக்கு ஒரு சாண் நீளமே பெரிது. ஆழ்கடலில் அறுக்குளாவும் சூரையும் பிடித்துப் பழகியவருக்கு அது குழம்புக்கும் காணாது. அதே வசனத்தை "புத்தளம் களப்பில் நேற்றுப் பிடிபட்ட, ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ள மீன்கள்" என்று மாற்றிப் பாருங்கள். இப்போது தராசு போதும். எந்த மீனைத் தூக்கி வைத்தாலும் உள்ளேயா வெளியேயா என்று தராசு சொல்லிவிடும். ஒரு பொருளைக் காட்டினால், அது இதற்குள் அடங்கும் அல்லது அடங்காது என்று யார் பார்த்தாலும் ஒரே முடிவு வரவேண்டும். அப்படி வந்தால் அது தொடை. அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் மூலகம்.

இது எளிதாகத் தெரியும். ஆனால் எளிதல்ல. கண்டல் மரம் நிற்கும் கரையைப் பாருங்கள். அது நிலமா, நீரா? காலையில் நீர், மாலையில் சேறு. "நிலங்கள்" என்ற தொடையில் அதைச் சேர்ப்பதா, "நீர்ப்பரப்புகள்" என்ற தொடையில் சேர்ப்பதா? கணிதம் தானாக வந்து விடை சொல்லாது. நீங்கள்தான் ஒரு விதி வைக்க வேண்டும். அதிகூடிய வற்றுப்பெருக்கில் நீர் ஏறும் எல்லைக்குள் இருப்பதெல்லாம் களப்பு என்று வைக்கலாம். வேறு விதியும் வைக்கலாம். எந்த விதி வைத்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதியில் மாற்றக் கூடாது. கண்டலை வெட்டி இறால் பண்ணைக் குளம் தோண்டுவதா என்று வழக்கு எழும்போது, அந்த இடம் எந்தத் தொடையில் இருக்கிறது என்பதில்தான் வழக்கே நிற்கும். வரைவிலக்கணம் படிக்கும் பிள்ளை சட்டமும் படிக்கிறது.

இன்னோர் உதாரணம். கற்பிட்டிக்கு வெளியே கடலில் டொல்பின் கூட்டம் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கில் துள்ளும். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை அதைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த டொல்பின் "மீன்கள்" என்ற தொடைக்குள் வருமா? வராது. அது பால் கொடுக்கிறது, நுரையீரலால் மூச்சு விடுகிறது. ஆனால் "கடலில் வாழ்வன" என்ற தொடையில் வரும். "பாலூட்டிகள்" என்ற தொடையிலும் வரும். வில்பத்துக் காட்டு யானை பாலூட்டிகளில் மட்டும் இருக்கிறது. சூரை மீன் கடலில் வாழ்வனவற்றில் மட்டும் இருக்கிறது. டொல்பினும் திமிங்கிலமும் கடற்பசுவும் இரண்டிலும் இருக்கின்றன. இரண்டிலும் இருப்பவை சேர்ந்தது இடைவெட்டு. ஒன்றிலாவது இருப்பவை எல்லாம் சேர்ந்தது ஒன்றிப்பு. அவ்வளவுதான் வரைவிலக்கணம்.

இடைவெட்டை ஒரு மூலைக்குள் அடங்கும் சின்னத் துண்டு என்று நினைக்காதீர்கள். இறாலைக் கேளுங்கள், அது சொல்லும். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு பொரித்து, மிதந்து, வடக்கே உள்ள வாயால் களப்புக்குள் நுழைகிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டுவரும் நன்னீர் உவர்நீரோடு கலக்கும் இடத்தில், கடற்புல்லுக்கும் கண்டல் வேருக்கும் இடையில் வளர்கிறது. வளர்ந்தபின் முட்டையிடத் திரும்பவும் கடலுக்குப் போகிறது. அது கடலுயிரா, களப்புயிரா? இரண்டும்தான். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் இறால் இல்லை. களப்பைக் கெடுத்தால் கடலில் இறால் பிடிப்பவரின் வலையும் வெறுமையாகும். இந்தக் கரையின் வாழ்வில் பெரும் பகுதி அந்த இடைவெட்டில் நடக்கிறது, பிள்ளைகளே. அதனால்தான் தொடைப் பாடத்தை இந்தக் கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்குத் தனி உற்சாகம் வருகிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கொப்பி வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கிராமம் இருக்கிறது என்று வைப்போம். எண்கள் நானாக வைத்தவை. அந்தக் கிராமத்தில் 100 குடும்பங்கள். புயல் அடித்துவிட்டது. நிவாரணம் கொடுக்கக் கிராம அலுவலர் இரண்டு பட்டியல்களை மேசையில் வைத்திருக்கிறார். ஒன்று மீன்பிடிக் குடும்பங்களின் பட்டியல். அதில் 62 பெயர். மற்றது வெங்காயமும் மிளகாயும் வைக்கும் தோட்டக் குடும்பங்களின் பட்டியல். அதில் 47 பெயர். 62ஐயும் 47ஐயும் கூட்டுங்கள். எத்தனை? 109. கிராமத்தில் இருப்பதே 100 குடும்பம். 109 எங்கிருந்து வந்தது?

தெரிகிறதல்லவா? காலையில் கடலுக்கும் மாலையில் தோட்டத்துக்கும் போகும் குடும்பங்கள் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. அவர்களை இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஆகவே ஒன்றிப்பின் எண்ணிக்கை வேண்டுமென்றால் இரண்டையும் கூட்டி, இடைவெட்டை ஒருமுறை கழிக்க வேண்டும். இந்தச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் இருக்கிறது. நான் கேட்பது அடுத்த கேள்வி.

இந்த இரண்டு பட்டியலையும் மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு தொழிலும் செய்யும் குடும்பம் எத்தனை என்று சொல்ல முடியுமா? ஒருவர் கையுயர்த்தி 9 என்று சொல்லுவார். அது சரியா? 9 ஆக இருக்கலாம். 9க்குக் குறைய முடியாது. குறைந்தால் கிராமத்தில் 100க்கு மேல் குடும்பம் இருக்க வேண்டி வரும். ஆனால் 9க்குக் கூடலாம். எதுவரை கூடலாம்? தோட்டக்காரர் 47 குடும்பமும் மீன்பிடிக்கவும் போகிறவர்களாக இருந்தால் 47 வரை கூடலாம். அதாவது விடை 9க்கும் 47க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. பட்டியல் இரண்டையும் எத்தனை முறை புரட்டிக் கூட்டினாலும் கழித்தாலும் அதைவிடத் துல்லியமாக எதுவும் வராது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயருக்குப் பெயர் பார்த்தால் மட்டுமே வரும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பட்டியலிலும் இல்லாத குடும்பங்கள் எத்தனை? அகிலத் தொடையில், அதாவது மொத்தக் கிராமத்தில் இருந்து ஒன்றிப்பைக் கழியுங்கள். இரண்டிலும் இருப்பவர் 9 என்றால், 100 குடும்பமும் ஏதாவது ஒரு பட்டியலில் வந்துவிட்டது. வெளியே ஒருவரும் இல்லை. வெளியே இருப்பது சூனியத் தொடை. இரண்டிலும் இருப்பவர் 47 என்றால், ஒன்றிப்பு வெறும் 62தான். வெளியே 38 குடும்பம். பட்டியலில் ஒரு பெயர்கூட மாறவில்லை. 62 அப்படியே இருக்கிறது. 47 அப்படியே இருக்கிறது. ஆனால் விடுபட்டவர்கள் ஒருவருமில்லை என்பதில் இருந்து 38 குடும்பம் என்பது வரை மாறுகிறது.

அந்த 38 குடும்பங்கள் யார்? கணவனை இழந்து பாய் இழைத்துப் பிள்ளை வளர்க்கும் தாய் இருக்கலாம். உப்பளத்தில் நாட்கூலிக்குப் போகிறவர் இருக்கலாம். கருவாடு வாங்கி விற்கிறவர் இருக்கலாம். வயோதிபர் இருக்கலாம். அவர்களுக்கு வள்ளமும் இல்லை, தோட்டமும் இல்லை, பட்டியலும் இல்லை. மூன்றாம் கேள்வியை, இரண்டிலும் யார் என்ற கேள்வியைக் கேட்காத அலுவலருக்கு இரண்டாம் கேள்வியின் விடை, வெளியே யார் என்ற விடை, கிடைக்கவே கிடைக்காது. பெட்டிக்குள் வட்டம் கீறும்போது, வட்டத்துக்கு வெளியே, பெட்டியின் மூலையில் ஓர் எண் எழுதுகிறோமே, பரீட்சையில் பலர் மறந்துவிட்டு வரும் எண், அந்த எண்ணின் கதை இது.

இந்த மாவட்டத்துக்கு இது கற்பனைக் கணக்கல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தில் இருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவில் இருந்து பலர் வள்ளங்களில் ஏறி இந்தக் கற்பிட்டிக் கரையில்தான் வந்து இறங்கினார்கள். உங்களில் சிலருடைய உம்மாவும் வாப்பாவும் அப்படி வந்தவர்களாக இருப்பார்கள். வந்த நாளில் இருந்து அவர்களைத் தொடர்ந்து வந்த கேள்வி ஒன்று: நீங்கள் எந்தப் பட்டியலில்? மன்னாரிலா, புத்தளத்திலா? வாக்காளர் இடாப்பு ஒரு மாவட்டத்தில், வாழ்க்கை இன்னொரு மாவட்டத்தில். 2019 சனாதிபதித் தேர்தலில்கூடப் புத்தளத்தில் இருந்து பேருந்தில் மன்னாருக்குப் போய் வாக்களித்துத் திரும்பினவர்கள் இருந்தார்கள். ஒருவருடைய பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் கணக்கில் ஒருவர் இருவராகிவிடுகிறார். இரண்டிலும் இல்லாவிட்டால் அந்த மனிதர் கணக்கிலேயே இல்லாமல் போகிறார். இரண்டும் பிழை. இரண்டாவது பிழை மிகக் கொடியது. கணக்குப் படித்தவர் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது இது: மனிதரை எண்ணும் இடத்தில் இடைவெட்டையும், வெளியே விடுபட்டவர்களின் தொடையான நிரப்பியையும் கவனிக்காமல் விடுவது சிறிய தவறல்ல.

பிரிவுகளைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர். இந்துக்கள், பௌத்தர், கத்தோலிக்கர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் கீறி, வட்டங்கள் ஒன்றையொன்று தொடாத மூட்டற்ற தொடைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். சிலாபத்துப் பக்கம் முன்னேஸ்வரத் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். தமிழ் இந்துக்களும் வருகிறார்கள், சிங்கள பௌத்தர்களும் வருகிறார்கள். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவில் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். தமிழும் சிங்களமும் ஒரே வாயில் வரும் மனிதர்கள் இந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள். மொழியால் வட்டம் கீறினால் ஒரு படம். வழிபடும் இடத்தால் கீறினால் இன்னொரு படம். தொழிலால் கீறினால் வேறொரு படம். எந்தப் படத்திலும் இடைவெட்டு வெறுமையாக இல்லை. வெறுமை என்று எழுதுவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது, கடலுக்கு அந்தப் பக்கம் போவோம். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், தமிழ்நாட்டு மதுரையில், 1806ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை கிழக்கிந்தியக் கம்பனியின் படை அதிகாரி. குழந்தைக்குச் சில மாதமாகும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. சிறுவயதிலேயே ஒரு கண்ணின் பார்வை போனது. அந்தப் பிள்ளை 1828இல், இருபத்திரண்டு வயது நிறைவதற்கு முன்னரே, இலண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். பெயர் ஒகஸ்டஸ் டி மோர்கன். டில்லியில் ஆசிரியராக இருந்த ராமச்சந்திரா எழுதிய கணித நூலை 1859இல் இலண்டனில் மறுபதிப்பாகக் கொண்டுவரப் பாடுபட்டவரும் இவர்தான். நாம் டி மோர்கன் விதிகள் என்று படிப்பது இவர் பெயரில்.

அந்த விதிகள் என்ன சொல்லுகின்றன? முதலாவது சுலபம். "நேற்றுக் கடலுக்கோ களப்புக்கோ போனவர்" என்பது ஒன்றிப்பு. அதற்கு வெளியே இருப்பவர் யார்? கடலுக்கும் போகாதவர், களப்புக்கும் போகாதவர். ஒன்றிப்பின் நிரப்பி, நிரப்பிகளின் இடைவெட்டு. இதில் யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாறுவது இரண்டாவதில். 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டப்படி வள்ளத்தைப் பதிவு செய்யவும் வேண்டும், தொழில் செய்ய அனுமதிப்பத்திரமும் வேண்டும். இரண்டும் உள்ளவர் சிக்கலில்லாமல் கடலுக்குப் போகலாம். இரண்டும் உள்ளவர்களின் தொடை ஓர் இடைவெட்டு. அப்படியானால் தடுக்கப்படுபவர் யார்? "பதிவும் இல்லாதவர், அனுமதியும் இல்லாதவர்" என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுவீர்கள். பிழை! பதிவு இருந்து அனுமதி இல்லாதவரும் தடுக்கப்படுவார். அனுமதி இருந்து பதிவு இல்லாதவரும் தடுக்கப்படுவார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலே போதும். இடைவெட்டின் நிரப்பி, நிரப்பிகளின் ஒன்றிப்பு. ஒரு விண்ணப்பப் படிவத்தின் நிபந்தனையைப் பிழையாக வாசித்து, பிரதேச செயலகத்தில் இருந்து திரும்பி வரும் ஆட்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வாசித்துச் சொல்லும் பிள்ளையாக நீங்கள் இருக்க முடியும்.

வட்டம் கீறிக் காட்டியவர் ஜோன் வென் என்று படித்திருப்பீர்கள். கேம்பிரிட்ஜ்காரர். 1880இல் அவர் எழுதிய கட்டுரையில் இருந்து அந்த வரிப்படம் பரவியது. அவருக்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்பே ஒயிலர் என்ற கணிதவியலாளர் ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்கள் கீறியிருக்கிறார். ஆனாலும் எல்லாச் சாத்தியங்களையும் முதலில் கீறிவிட்டு, எது வெறுமை என்று பின்னால் அடையாளமிடும் முறை வென்னுடையது. கிரிக்கெட் பிரியர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள், உங்களுக்காக ஒரு செய்தி. வென் பந்துவீசும் இயந்திரம் ஒன்றும் செய்து வைத்திருந்தார். 1909இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த அவுஸ்திரேலிய அணியின் சிறந்த துடுப்பாட்டக்காரர் ஒருவரை அந்த இயந்திரம் நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்ததாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. 1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் "புதிய கணிதம்" என்று சொல்லி, கூட்டல் கழித்தல் படிக்கும் வயதிலேயே தொடைக் குறியீடுகளைப் பிள்ளைகளுக்குள் திணித்தார்கள். பெற்றோருக்கும் விளங்கவில்லை, பல ஆசிரியர்களுக்கும் விளங்கவில்லை. பெரிய எதிர்ப்பு எழுந்தது, பின்வாங்கினார்கள். குறியீடு பிழையல்ல. கேள்விக்கு முன்னால் குறியீடு வந்ததுதான் பிழை. முதலில் பட்டியலைக் கொடுங்கள், சண்டை பிடிக்க விடுங்கள், பிறகு வட்டத்தைக் கீறுங்கள். குறியீடு கடைசியில் தானாக வரட்டும்.

சரி, இதுவரை நாம் எண்ணியது 100 குடும்பம். முடிவுள்ள தொடை. இனி நான் உங்களை இந்தப் பாடத்தின் ஆழ்கடலுக்கு அழைத்துப் போகப் போகிறேன். வருவீர்களா?

ஒரு வள்ளத்தில் ஆட்களும் உயிர்காப்பு அங்கிகளும் இருக்கின்றன. ஆட்கள் எத்தனை, அங்கி எத்தனை என்று எண்ணாமலே, இரண்டும் சமம் என்று சொல்ல முடியுமா? முடியும். ஆளுக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஆளும் மிஞ்சவில்லை, அங்கியும் மிஞ்சவில்லை என்றால் சமம். எண்ணத் தெரியாத குழந்தைகூட இதைச் செய்யும். இப்படிச் சோடி சேர்ப்பதுதான் ஒன்றுக்கொன்றான தொடர்பு.

இப்போது 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் போகும் எண்ணும் எண்களை எடுங்கள். பக்கத்தில் 2, 4, 6, 8 என்று இரட்டை எண்களை வையுங்கள். எது அதிகம்? எண்ணும் எண்களில் பாதிதான் இரட்டை என்று தோன்றும். சோடி சேர்த்துப் பாருங்கள். 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6. ஒவ்வொன்றுக்கும் அதன் இருமடங்கு. இந்தப் பக்கம் ஏதாவது மிஞ்சுகிறதா? இல்லை. அந்தப் பக்கம்? இல்லை. தொடையும் அதன் தொடைப்பிரிவும் சமம்! கலிலியோ 1638இல் சதுர எண்களை வைத்து இதையே கவனித்தார். முடிவில்லாதவற்றில் கூட, குறைய, சமம் என்று பேச முடியாது என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். ஒல்லாந்தர் நம் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுக்கு மேலாக அந்தக் கதவை யாரும் முழுதாகத் திறக்கவில்லை.

திறந்தவர் கியோர்க் கன்ரர். 1845இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆசிரியராக இருந்தவர். முடிவில் தொடைகள், அதாவது முடிவில்லாத தொடைகள், எல்லாம் ஒரே அளவல்ல, ஒன்றைவிட ஒன்று பெரியவையும் உண்டு என்று 1874இல் காட்டினார். பெர்லினில் செல்வாக்கோடு இருந்த கணிதவியலாளர் குரோனெக்கர் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. மன நோயாலும் வருந்தி, 1918இல் ஒரு மனநல நிலையத்தில் கன்ரர் இறந்தார். அவர் 1891இல் கொடுத்த ஒரு நிறுவலை உங்களுக்குச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும். நம்முடைய கரையில் வைத்தே சொல்லுகிறேன்.

ஒருவரிடம் மூன்று வலைகள் இருக்கின்றன. இன்றைக்கு எந்தெந்த வலைகளைக் கொண்டுபோகலாம்? ஒவ்வொரு வலையையும் எடுக்கலாம் அல்லது விடலாம். இரண்டு, இரண்டு, இரண்டு; பெருக்கினால் எட்டு வழி. ஒரு வலையும் எடுக்காமல் வீட்டில் நிற்பதும் அந்த எட்டில் ஒன்று, அதுதான் சூனியத் தொடை. நான்கு வலை என்றால் 16. ஐந்து என்றால் 32. ஆகவே வலைகளைவிட வலைத் தெரிவுகள் எப்போதும் அதிகம். முடிவுள்ள தொடைக்கு இது வெளிப்படை. முடிவில் தொடைக்கும் இது உண்மையா? அங்கே இருமடங்கு எடுத்தாலும் பழைய அளவே வருகிறதே! கன்ரர் சொன்னார்: அங்கேயும் உண்மை.

எப்படி? ஒரு கிராமத்தில் மீனவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று நான் சொல்லவில்லை. பத்தாக இருக்கட்டும், முடிவில்லாமல் இருக்கட்டும். அவர்களைக் கொண்டு அமைக்கக்கூடிய எல்லாக் குழுக்களையும் நினையுங்கள். ஒருவர் மட்டும் உள்ள குழு, இருவர் குழு, எல்லோரும் உள்ள குழு, ஒருவரும் இல்லாத குழு, எல்லாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மீனவரின் பெயரை வைக்கப் பார்க்கிறோம். ஒருவர் பெயர் ஒரு குழுவுக்கு மட்டும். எல்லாக் குழுவுக்கும் பெயர் கிடைத்துவிடுமா?

பெயர் வைத்து முடித்துவிட்டோம் என்று ஒருவர் வாதிடுகிறார் என்று வைப்போம். அவரிடம் ஒரு குழுவைக் கேட்கப் போகிறேன். தன் பெயரைக் கொண்ட குழுவில் தான் இல்லாத மீனவர்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் எல்லோரையும், அவர்களை மட்டுமே, ஒரு குழுவாகச் சேருங்கள். இதற்கு யார் பெயர் வைத்தீர்கள்? ஒருவரைக் காட்டுகிறார். சரி, அந்த மனிதர் இந்தக் குழுவுக்குள் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால், தன் பெயருள்ள குழுவில் தான் இருக்கிறார். ஆனால் இது தன் பெயருள்ள குழுவில் இல்லாதவர்களுக்கான குழு. ஆகவே அவர் இருக்க முடியாது. இல்லை என்றால், தன் பெயருள்ள குழுவில் தான் இல்லாதவர் ஆகிவிட்டார். ஆகவே அவர் இருந்தே ஆகவேண்டும். இருந்தால் இல்லை, இல்லாவிட்டால் இருக்கிறார்! நடக்க முடியாத காரியம். ஆகவே அந்தக் குழுவுக்கு யார் பெயரும் வைக்கப்படவில்லை. எப்படி வைத்தாலும் ஒரு குழு விடுபடும். மீனவர் முடிவில்லாமல் இருந்தாலும் குழுக்கள் அவர்களைவிட அதிகம்.

எங்கேயாவது எண்ணினோமா? இல்லை. எங்கேயாவது கடினமான சூத்திரம் போட்டோமா? இல்லை. உள்ளே யார், வெளியே யார் என்று கேட்டோம். அதே கேள்வி. கிராம அலுவலரின் மேசையில் கேட்ட அதே கேள்வி, முடிவின்மைக்குள்ளும் நம்மைக் கொண்டுபோனது.

இந்த நிறுவலைப் பத்தாண்டு கழித்து ஆராய்ந்துகொண்டிருந்த கணித அறிஞர் பேட்ரண்ட் ரசலுக்கு 1901இல் ஒரு ஐயம் வந்தது. "தனக்குள் தானே மூலகமாக இல்லாத தொடைகள் எல்லாம் சேர்ந்த தொடை" என்று சொன்னால், அது தனக்குள் இருக்குமா இருக்காதா? மீனவர் குழுவில் பார்த்த அதே சுழி. அங்கே பெயர் வைத்தது பிழை என்று தப்பித்தோம். இங்கே தப்பிக்க இடமில்லை. விதி ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், தொடை பிறந்துவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தது ஆட்டம் கண்டது. 1902இல் ரசல் அதைப் பிரேகே என்ற ஜெர்மன் கணிதவியலாளருக்கு எழுதினார். கணிதத்தின் அத்திவாரம் பற்றிப் பிரேகே பல்லாண்டு உழைத்து எழுதிய நூலின் இரண்டாம் பாகம் அச்சில் இருந்த நேரம் அது. பிரேகே உண்மையை மறைக்கவில்லை. அந்தப் பிழையை ஒப்புக்கொண்டு நூலின் இறுதியில் எழுதிச் சேர்த்தார். அதன் பிறகுதான் எதைத் தொடை என்று ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்ற விதிகளை 1908 தொடக்கம் செர்மெலோ என்ற கணிதவியலாளரும் மற்றவர்களும் ஒழுங்காக வகுத்தார்கள். இன்று நீங்கள் படிப்பது அப்படித் திருத்தப்பட்ட வீடு.

கன்ரர் விட்டுப்போன ஒரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். எண்ணும் எண்களின் அளவு ஒன்று. மெய்யெண்களின் அளவு அதைவிடப் பெரிது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுள்ள தொடை ஏதும் உண்டா? இல்லை என்று கன்ரர் நம்பினார், நிறுவ முடியவில்லை. நாம் பயன்படுத்தும் விதிகளைக் கொண்டு "இல்லை" என்பதைப் பொய்யாக்க முடியாது என்று கணிதவியலாளர் கேடல் 1938இல் காட்டினார். அதை மெய்யாக்கவும் முடியாது என்று போல் கோஹன் 1963இல் காட்டினார். புதிய விதி ஏதாவது சேர்க்க வேண்டுமா, எதைச் சேர்ப்பது என்று இன்றைக்கும் கணிதவியலாளர் விவாதிக்கிறார்கள். விடை முடிந்துபோன பாடம் என்று யாராவது தொடைகளைப் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக்குப் போகுமுன் ஒரு கணக்கு. அந்த 100 குடும்பக் கிராமத்துக்குத் திரும்பவும் வாருங்கள். மீன்பிடி 62, தோட்டம் 47. இப்போது மூன்றாவது பட்டியல் ஒன்று கிடைக்கிறது: உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்கள், 30. மூன்று பட்டியலிலும் இருக்கும் குடும்பம் ஆகக் குறைந்தது எத்தனை, ஆகக் கூடியது எத்தனை? ஒரு பட்டியலிலும் இல்லாதவர்கள் ஆகக் கூடியது எத்தனை? சூத்திரத்தைத் தேடாதீர்கள். மூன்று வட்டமும் கீறி, எண்களை இங்கும் அங்கும் நகர்த்திப் பாருங்கள். விடையோடு உங்கள் ஆசிரியரிடம் போங்கள். பக்கத்தில் இருப்பவரின் விடை வேறாக இருந்தால் விட்டுவிடாதீர்கள், கேளுங்கள்.